நட்டுச் சாமியார் நாடி பார்த்த டயர்

அந்த சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்க்கும் மேடை காலி. கூட்டமெல்லாம் ஏசி அறையில், காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நட்டுச் சாமியாரைச் சுற்றி. நூலில் ஒரு நட்டைக் கட்டிக் கார் சாவிக்கு மேலே ஆட்டுவார். எந்தச் சக்கரம் தேய்ந்தது என்று வண்டியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். டை கட்டியவர்கள்கூட வாய்பொத்தி வரிசையில் நின்றார்கள்.

போன மாதம் அப்பா ஓட்டும் எங்கள் வாடகைக் காருக்கு, சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் பார்த்தது இவர்கள்தான். இப்போது முன்டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை. கேட்டதற்கு, "எங்க வேலையில குறை இருக்காது மேடம், சாமிகிட்ட காட்டுங்க" என்றார் மேனேஜர். வாரன்டி புத்தகத்தில் சாமிக்கு எத்தனையாவது பக்கமோ!

நட்டு ஆடியது. "முன்சக்கரம்!" கூட்டம் சிலிர்த்தது. "ஓட்டுறவர் கையில தோஷம். இனி ஸ்டியரிங்கத் தொட்டா உயிருக்கே ஆபத்து."

அப்பாவின் முகம் செத்துப்போனது. இருபத்தாறு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய கை. என்னைப் பட்டதாரியாக்கிய கை. 'பழுது வேலையில் இல்லை, என் கையில்' என்று அச்சடித்தே வைத்திருந்த தாளை மேனேஜர் நீட்ட, அப்பா பேனாவை எடுத்துவிட்டார்.

"ஓட்டுறதயே விட்டுடறேம்மா. யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"பேனாவ மூடுங்கப்பா. அஞ்சு நிமிஷம்."

எங்கள் சாவியில் சிவப்பு அட்டை. அடுத்து வரிசையில் நின்ற டீச்சரம்மாவின் சாவியில் மஞ்சள். அவருக்குப் பின்டயர் புகார். வரவேற்பில் புகாரை எழுதும்போதே அதற்கேற்ற நிறத்தில் கட்டிவிடுகிறார்கள்.

"அக்கா, அட்டைய மாத்திக்கலாமா?"

"மாத்தும்மா. எனக்கும் ரொம்ப நேரமா சந்தேகம்."

சிவப்பு அட்டையோடு டீச்சரம்மா சாவியை வைத்தார். நட்டு ஆடியது. "முன்சக்கரம்!"

"முன்னாடி ரெண்டும் போன வாரம் மாட்டினது, சாமி. டயர்ல ரப்பர் முடிகூட உதிரல."

சாமியார் இருமினார். "தோஷம் பின்னாலேர்ந்து முன்னால நகருது, மகளே."

"நடந்தா, பஸ்லயா?" என்றேன்.

ஸ்டியரிங்கில் கட்டச் சொல்லிச் சாமியார் விற்கும் நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரையும் எங்கள் காரடிக்கு இழுத்துப்போனேன். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்டயர் இரண்டுக்கும் நடுவே அந்த டயர்களின் பின்விளிம்பில் நூல்பிடித்து அளவெடுத்தோம். அதே நூலை அவற்றின் முன்விளிம்பில் பிடித்தால் ஒரு விரற்கடை எட்டவில்லை. சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கின்றன. உள்ளோரம் தேயாமல் என்ன செய்யும்?

"கம்ப்யூட்டர்ல சரியாத்தான்…" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

அப்பா தாளை நாலாகக் கிழித்தார். "மேடையக் காட்டுங்க சார். என் கண்ணு முன்னாடி சரிபண்ணுங்க."

மேடையில் வண்டியை ஏற்றியதும் அப்பாதான். அதே தோஷக் கையால், ஒரே வீச்சில்.

திரும்பிப் பார்த்தால் சாமியாரைக் காணோம். நட்டு மட்டும் மேஜையில் கிடந்தது. எந்த அப்பாவியின் வண்டியில் கழற்றியதோ!

உங்கள் கையில் தோஷம் என்று எவனாவது சொன்னால் கையை நீட்டாதீர்கள். அவன் நூலைப் பிடுங்கி அளந்து பாருங்கள். டயர்தான் தேய்ந்துவிட்டது, மூளையை இன்னும் ஓட்டியே பார்க்கவில்லையே!