தபால் பெட்டிகளின் ஒரே ரசிகர்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை மெர்வ் பாஸ்கோவின் இணையதளம் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு டிரெவர் வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

"எதுக்குடா இப்படி அழாத குறையா நிக்கிற? அதை யாரு பாக்குறா?"

"ஒருத்தர் பாக்குறார்டா. தினமும் காலையில வந்துட்டுப் போறார்."

தளம் முழுக்க மெர்வின் மனைவி லோர்னா எடுத்த படங்கள். டாஸ்மேனியாவின் பண்ணை வாசல்களில் ஜனங்கள் வைத்திருக்கும் கோமாளித் தபால் பெட்டிகள்: பால் கேன், பழைய மைக்ரோவேவ், டிராக்டரின் மூக்கு. அவள் செத்துப் போனபின், துணி துவைக்கும் அறையில் ஒரு கிழட்டு லேப்டாப்பை வைத்து, வீட்டு இணைப்பிலேயே தளத்தை ஓட்டினார் மெர்வ். காலைத் தேநீரோடு அதைப் போடுவார், படுக்கும்போது அணைப்பார். தளத்தை ஏதாவது கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு வைக்கலாமே என்று டிரெவர் சொன்னதற்கு, "எவன் கம்ப்யூட்டர்லயோ லோர்னாவைக் குடிவைக்க மாட்டேன்" என்றுவிட்டார்.

மகள் பிரான்வின் ஆஸ்திரேலியாவின் மறுகோடியில், பெர்த்தில் இருந்தாள். "வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடுங்கப்பா" என்று அடக்கத்தன்றே அவள் ஆரம்பிக்க, "குழி மூடறதுக்குள்ள வீட்டு மேல கண்ணா?" என்று இவர் கத்த, அதோடு பேச்சு நின்றது. மிச்சம் அந்த முகம் தெரியாத ரசிகர்தான். அவரும் போய்விடுவாரோ என்று மெர்வ் மறுபடி மறுபடி தளத்தைத் திறந்து பார்த்தார்.

"மோடத்தை அணைச்சுப் போடு" என்றார் டிரெவர்.

போட்டார். இணைப்பின் முகவரியே மாறிப்போனது. இனி தளத்தை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது.

"பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு பாரு, ஊசியால குத்து."

குத்தினார். மாதக்கணக்கில் பாடுபட்டு மோடத்தில் செய்துவைத்த அமைப்பெல்லாம் அழிந்தது. இணைப்புக் கம்பெனியைக் கூப்பிடலாமென்றால் வீட்டுப் போனும் செத்துக் கிடந்தது. அதுவும் அந்த மோடம் வழியாகத்தான் வருகிறது.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"கத்தாதே. ஒயர்லதான் கோளாறு" என்று டிரெவர் சலவை இயந்திரத்தை நகர்த்த, தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு பீய்ச்சியடித்தது. கணுக்கால் அளவு நீரில் லேப்டாப்பைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நின்ற மெர்வ் நிஜமாகவே அழுதார்.

"போயிட்டார்டா. இனி அவர் எதுக்கு வரப்போறார்?"

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். சீருடையில் ஓர் இளம் போலீஸ்காரி, சொட்டச் சொட்ட நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீங்களா சார்? தினமும் காலையில உங்க தளம் திறந்தாத்தான் அப்பா எழுந்துட்டார்னு நிம்மதியாம், இன்னிக்குத் திறக்கலன்னு பெர்த்லேர்ந்து உங்க பொண்ணு போன்ல ஒரே அழுகை."