மூன்றாவது மாடியில் மலேசியா

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடல் இருக்கிறது, பாலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பாஸ்போர்ட்டைப் பார்க்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் அந்த எல்லையைத் தன் இடது கையால் தினமும் தள்ளி வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் டவர் அண்ணன் என்று கூப்பிடுவோம். உயரம் ஐந்தடி. அதுவும் பாதுகாப்புக் காலணி போட்டால்.

சில வருடங்களுக்கு முன் நான் மலேசியப் பக்கம் கேலாங் பாத்தாவில் குடியிருந்தேன். தினமும் இரண்டாம் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் துவாஸ் கடலோரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை. டவர் அண்ணன் அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். குளிர்சாதனம், குழாய், கதவு, கைப்பிடி, எது கெட்டாலும் அவர்தான். விடியற்காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம். பாலத்தின் நடுவில் பஸ் வந்ததும் நாற்பது பேருடைய போனும் ஒன்றாகக் கிணுகிணுக்கும். சிங்கப்பூர் லைன் எங்களை வரவேற்கிறது என்று பொருள். டவர் அண்ணனுடைய போன் மட்டும் வாயைத் திறக்காது.

அது பொத்தான் வைத்த பழைய போன். மலேசிய லைனைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கூடாது என்று அதற்குக் கட்டளை போட்டு வைத்திருந்தார்.

"எம் போன் வெளிநாட்டு லைன தொடாது தம்பி. நான்தான் இங்க வேலைக்கு வந்தேன். அது வரல."

"அப்ப வேல நேரத்துல வீட்டுல கூப்ட்டா என்னண்ணே செய்வீங்க?"

"நம்ம லைன் கடல் தாண்டி வருது லா. அது வந்து நிக்கிற எடத்துல நாம போயி நின்னா போதும்."

அவர் சொன்னது பொய்யில்லை. தொழிற்சாலையின் மாடியிலிருந்து பார்த்தால் எதிரே ஜொகூர்க் கரை தெரியும். அங்கிருந்து மலேசிய லைன் கொஞ்சம் கசிந்து வரும். எங்கெங்கே கசிகிறது என்று வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்து, மறந்துவிடாமல் இருக்க அந்தந்த இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு ஜோடி பாதம் வரைந்து வைத்திருந்தார். சரக்கு வாசலில் ஒன்று, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று, மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று. மூன்றாவது மாடிதான் தலைமையகம்.

தினமும் காலை பத்து மணி டீ நேரத்தில் அந்தப் பாதத்தின் மேல் ஏறி நிற்பார். போனை இடது கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

"நெத்திலி," என்று கடலுக்கு அப்பாலிருந்து பதில் வரும். மூன்று மாடிக்கும் கேட்கும். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இரண்டாவது கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை. சீனத் தோழர்கள்கூட மதியம் சாப்பிடும்போது, "டவர் வீட்டில் இன்று நெத்திலி" என்று பேசிக்கொள்வார்கள்.

ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி, இந்த மஞ்சள் பாதங்கள் எதற்கு என்று பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டுவிட்டார். தெரியாது என்று சொல்லப் பாதுகாப்பு அதிகாரிக்கு மனம் வரவில்லை. "அவசர நேரத்தில் நிற்க வேண்டிய இடம்" என்றார். தணிக்கையாளர் பாராட்டி எழுதிக்கொண்டார். அடுத்த மாதமே பாதங்களுக்கு மேல் கம்பெனி முத்திரையோடு அறிவிப்புப் பலகை வந்தது. அதற்கடுத்த தீயணைப்புப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேர் படிக்கட்டில் வரிசையாக நின்று, இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். டவர் அண்ணன் எப்படி நிற்பார் என்று பார்த்துப் பழகியவர்கள், அதுவும் விதிமுறைதான் என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதில் முட்டாள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

என் மனைவி தேவிக்கு அது முதல் பிரசவம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் குளுவாங்கிற்குப் போய்விட்டாள். புறப்படும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"வலி வந்ததும் கூப்புடுவேன். எங்க இருந்தாலும் வந்துடணும். கொழந்த பொறக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்."

"கண்டிப்பா இருப்பேன்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தொழிற்சாலைக்குள் கேமரா வைத்த போனுக்கு அனுமதி இல்லை. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டவர் அண்ணனுடைய பழைய போனில் கேமரா இல்லாததால் அது மட்டும் தப்பித்தது. மதியம் வரைக்கும் லாக்கருக்குள் போன்கள் விதவிதமாகப் பாடிக்கொண்டிருக்கும், காவலாளி ரசித்துக்கொண்டிருப்பார். அலுவலக எண்ணுக்கும் அழைக்கலாம். தேவி ஊருக்குப் போகும் முன் ஒரு வெள்ளிக்கிழமை அழைத்து, சனிக்கிழமை தன் அம்மா வருவதாகச் சொல்லி வைத்தாள். அந்தத் தகவல் திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. மாமியார் ஞாயிற்றுக்கிழமையே திரும்பிப் போயிருந்தார்.

யோசித்தேன். என் மூளைக்குக் கிடைத்த விடை, ஸ்மார்ட்வாட்ச். சாதாரணமானது இல்லை, உள்ளேயே லைன் வைத்தது. கேமரா கிடையாது, ஆகவே உள்ளே போகலாம். போன் லாக்கரில் கிடந்தாலும் அதே நம்பருக்கு வரும் அழைப்பு மணிக்கட்டில் அடிக்கும். ஜொகூர் பாருவில் கடைக்காரத் தம்பி, "எங்க போனாலும் பேசலாம்ணே," என்றார். அவர் குளுவாங், மூவார் அளவுக்கு நினைத்துச் சொல்லியிருக்கிறார். நான் பூமி உருண்டை முழுவதையும் நினைத்து வாங்கினேன்.

வாங்கிய அன்று போனை வீட்டில் வைத்துவிட்டுக் காய்கறிச் சந்தைக்குப் போய், மணிக்கட்டை வாயருகே வைத்துத் தேவியிடம் பேசினேன். தெளிவாகக் கேட்டது. கத்தரிக்காய் விற்ற அம்மா, என்னைப் பார்த்துவிட்டுக் கத்தியை என் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்தார். மறுநாள் பஸ்ஸில் சட்டையின் இடது கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு உட்கார்ந்தேன். வெயிலே வராத நேரம் அது.

டவர் அண்ணன் வாட்சை உற்றுப் பார்த்தார். "கடலத் தாண்டுமா தம்பி?"

"ஒலகத்தையே தாண்டும்ணே. பட்டன் போன் காலமெல்லாம் போச்சு," என்றேன். அவர் தன் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே நாலு அறை விடத் தோன்றுகிறது.

போனை லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். வாட்ச் முகத்தில் சிவப்பாக ஒரு குறுக்குக் கோடு. லைன் இல்லை. மணி மட்டும் காட்டியது. மதியம் வாசலுக்கு ஓடி, போனை எடுத்துச் சேவை மையத்துக்கு அழைத்தேன். ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்.

"சார், உங்க வாட்ச்ல இருக்கிற லைனுக்கு வெளிநாட்டுச் சேவை இல்லைங்க. போனுக்குத்தான் இருக்கு. ஆனா போன் பக்கத்துல இருந்தா வாட்ச் வேல செய்யும்."

"போன் பக்கத்துல இருந்தா எனக்கு வாட்ச் எதுக்குங்க?"

"வேற ஏதும் உதவி வேணுமா சார்?" என்றார்.

இதைத் தேவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வாட்ச் எப்படிங்க?" என்று சாயங்காலம் கேட்டபோது, "சூப்பர்," என்றேன். கர்ப்பிணிப் பெண்ணைக் கலவரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வெட்கம். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விடுப்பையெல்லாம் குழந்தை பிறந்த பிறகு எடுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். மூன்று நாள் வேலை நேரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் டீ நேரத்தில் டவர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? அந்த ஒலகத்தைத் தாண்டுற வாட்ச் என்ன சொல்லுது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து மூன்றாவது மாடிக்கு இழுத்துப் போய், மஞ்சள் பாதத்தில் நிற்க வைத்து, என் இடது கையைத் தூக்கினார். "இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம். தாழ்த்தாத. ஆங்."

சிவப்புக் கோடு மறைந்தது. ஒரு புள்ளி வந்தது, பிறகு இன்னொன்று. என் வாட்ச் சிங்கப்பூரில் நின்றுகொண்டு மலேசியாவைப் பிடித்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கை வலியால் மட்டுமில்லை.

"ஆனா அண்ணே, நான் வேலய விட்டு வர்றது டீ நேரத்துல மட்டுந்தானே?"

"வலி டீ நேரம் பாத்தா வரும்? கழட்டு அத."

"பேசாம தேவிக்கு உங்க நம்பரக் குடுத்துடவா?"

"வலி வந்த நேரத்துல அந்தப் புள்ள புது நம்பரத் தேடிக்கிட்டு இருக்கணுமா? பதற்றத்துல கை உன் நம்பருக்குத்தான் போகும். நம்பர மாத்தாத. ஆள மாத்து."

ஆகவே என் வாட்ச் டவர் அண்ணன் கைக்குப் போனது. அன்றைக்கே அவர் மூன்றாவது மாடிப் படிக்கட்டின் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார். காலை வந்து வாட்சை வாங்கிக் கட்டிக்கொள்வார், சாயங்காலம் பஸ்ஸில் திருப்பித் தருவார். நாள் முழுக்க அந்தத் திருப்பத்திலேயே, வலது கையில் தூரிகை, இடது கை சன்னலுக்கு வெளியே. ஐந்து நாளில் அந்தக் கைப்பிடிக்கு நான்கு தடவை பெயிண்ட் ஏறிவிட்டது. பிடித்தால் விரல் சுற்றி வராத அளவுக்குத் தடித்துப்போனது. சூப்பர்வைசர் வந்து கேட்கும்போதெல்லாம், "இன்னும் காயல பாஸ்," என்பார். அந்த ஐந்து நாளும் தன் வீட்டில் என்ன குழம்பு என்று அவர் கேட்கவில்லை. பெயிண்ட் தூரிகை ஒரு கையில், என் வாட்ச் இன்னொரு கையில், போனைப் பிடிக்க மூன்றாவது கை அவருக்கு இல்லை. சீனத் தோழர்கள் கவலைப்பட்டு, வீட்டில் சண்டையா என்று என்னிடம் விசாரித்தார்கள்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தேவி அழைத்தாள். நடந்ததை அவள் பிறகு சொன்னாள்.

"ஏங்க, வலி வந்துடுச்சுங்க."

"தங்கச்சி, நான் டவர் பேசுறேம்மா."

"யாரு? அவரு எங்க?"

"அவரு கைக்குப் பதிலா நான் நிக்கிறேன். பயப்படாத. மூச்ச மெதுவா விடு. ஆள அனுப்பி வைக்கிறேன்."

நாங்கள் வேலை செய்கிற அறைக்குள் தலைமுடிகூட உதிரக் கூடாது. வெள்ளை அங்கி, முகமூடி, காலுறை எல்லாம் போட்டு, காற்றுப் பீச்சும் கதவைத் தாண்டித்தான் வர முடியும். அந்த அறைக்குள் பெயிண்ட் சொட்டும் தூரிகையோடு ஓடி வந்தார் டவர் அண்ணன். அபாய மணி அலறியது. இயந்திரங்கள் நின்றன. அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"வலி வந்துருச்சு லா. கெளம்பு. கேட்டுல நம்மாளு லாரி ஜொகூருக்குத் திரும்புது, நிறுத்தி வச்சிருக்கேன். இங்க நான் பாத்துக்கறேன்."

அங்கியோடு ஓடினேன். பாஸ்போர்ட்டும் கார் சாவியும் நல்லவேளையாகக் கால்சட்டைப் பையிலேயே இருந்தன. லாரி என்னைக் கேலாங் பாத்தாவில் இறக்கிவிட்டது, அங்கிருந்து என் கார். பாதி வழியில்தான் தெரிந்தது, என் போன் லாக்கரில், என் வாட்ச் டவர் அண்ணன் கையில். எல்லை தாண்டி அழைப்பு வர அத்தனை ஏற்பாடு செய்த மனிதன், ஒரு கருவியும் இல்லாமல், தலையில் வலைத் தொப்பியோடு குளுவாங் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அறுவை சிகிச்சை மருத்துவர் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

தேவி என் கையைப் பிடித்த பிடியில் நான்கு விரலும் ஒன்றாகிவிட்டன. "வந்துட்டீங்களா," என்றாள். அரை மணி நேரத்தில் மகள் பிறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சாயங்காலம் மாமியாருக்கு மிலோ வாங்கக் கேன்டீனுக்குப் போனேன். நான் எங்கே என்று தேடி, அவர் என் நம்பருக்கு அழைத்திருக்கிறார். டவர் அண்ணன் அப்போது பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் வந்துவிட்டார். இனி கையைத் தூக்க வேண்டியதே இல்லை. மாமியார் சொல்லித்தான் பெண் குழந்தை என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த உறவினர் அழைப்புகளையெல்லாம் அவரே எடுத்து, "ஆமாங்க, நமக்குப் பொண்ணுதான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்று சொல்லியிருக்கிறார். பண்டார் தெங்காராவில் இருக்கிற என் சித்தப்பா, அப்பாவானதும் என் குரல் எவ்வளவு பொறுப்பாக மாறிவிட்டது என்று இன்றுவரை மெச்சுகிறார்.

உற்பத்தியை நிறுத்தியதற்காக டவர் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மடித்துப் பெயிண்ட் டப்பாவின் அடியில் வைத்துக்கொண்டார். போன வருடம் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். இப்போது என்ன குழம்பு என்று அடுக்களைக்கே நடந்துபோய்க் கேட்க முடிகிறதாம். மூன்றாவது மாடியில் மஞ்சள் பாதம் இன்னும் இருக்கிறது.

வாட்ச் ஒரு வாரம் கழித்து என் கைக்கு வந்தது, பட்டையில் பெயிண்டோடு. அது கட்டியிருப்பவரின் நாடித் துடிப்பையும் எழுதி வைக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பார்த்தேன். காலை முழுக்கச் சமதரையாகப் போன கோடு, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தாக ஏறுகிறது. மூன்று மாடி ஓடி இறங்கியதற்கு ஏறியது என்றால் அடுத்த பத்து நிமிடத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நான் லாரியில் போன நேரமெல்லாம், காரில் போன நேரமெல்லாம் அப்படியே உச்சியில் இருந்திருக்கிறது. சாயங்காலம், மாமியார் அழைத்த பிறகுதான் இறங்கியிருக்கிறது.

வாட்ச் பழசாகிவிட்டது, மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. என் மகள் பிறந்த நாளில் என் பெயரில் பதிவாகியிருக்கிற நெஞ்சுத் துடிப்பு என்னுடையது இல்லை.