கூடத்தில் கிடக்கும் லாரி இன்ஜின் விஷயமாகத் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் வீட்டில் கொள்ளி வைத்துவிட்டுப் போனவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். போனை எடுக்காவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறாய். கடிதம் வீடு தேடி வரும்.

செங்கல் லோடோடு மேட்டில் ஏறும்போது லாரி இன்ஜின் இறுகி நின்றதே, அன்றுகூட உன் மாமா நிதானமாகத்தான் இருந்தார். மெக்கானிக் சொன்னபடி, கட்டி முடித்த இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு மறுபடி வண்டி ஓட்டுவதாக இருந்தார். அந்த வண்டி ஓடினால்தான் இங்கே உலை கொதிக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அப்போதுதான் நீ வந்து சேர்ந்தாய், அக்கக்காகப் பிரித்த இன்ஜின் ஒன்றைச் சாக்குகளில் கட்டிக்கொண்டு. "மாமா, இத வீட்டுலயே கட்டிடலாம். ஹெட்ல கொஞ்சம் போர்ட்டிங் பண்ணிட்டா வண்டி பறக்கும்" என்றாய். ஹெட் என்கிற இன்ஜின் மேல்மூடியில், காற்று உள்ளே போகிற வழியையும் புகை வெளியே வருகிற வழியையும் குடைந்து வழவழப்பாக்குவதற்குத்தான் அந்தப் பெயராம். சொன்ன வாய் ஈரம் காய்வதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

வெளியே வைத்தால் இன்ஜினுக்குள் தூசி போய்விடும் என்று கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்; தரைக்கல் விரிசல் விட்டது. பிறகு அதே கூடத்தில் உன் மாமா இரும்பு குடைகிற கைக் கிரைண்டரைப் போட்டுக் குடையத் தொடங்கினார். இன்ஜினில் தூசி படக்கூடாது, எங்கள்மேல் படலாம். தலையணையில் இரும்புப் பொடி, உப்பு டப்பாவில் இரும்புப் பொடி. துவாரத்தின் கொள்ளளவை அளக்க வேண்டுமென்று என் மாமியார் இருமல் மருந்து குடிக்கும் மூடியை எடுத்து டீசல் ஊற்றி அளந்திருக்கிறார். மறுநாள் அதிலேயே மருந்தைக் குடித்த மாமியார், "இந்தப் பாட்டில் மருந்து நல்லா கேக்குதுடி" என்கிறார். வால்வு பிஸ்டனில் இடிக்கிறதா என்று பார்க்க நான் பிசைந்து மூடி வைத்த மாவை எடுத்து பிஸ்டன் தலையில் அப்பி, இன்ஜினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதை மறுபடி பாத்திரத்திலேயே வைத்திருக்கிறார். மாவைத் திறந்தால் வட்டமாக வால்வு பதிந்த தடம்.

இதையும் பொறுத்தேன். இன்னும் அகலமானால் இன்னும் இழுக்கும் என்று குடைந்துகொண்டே போனவர், துவாரத்தின் சுவரைத் தாண்டி, ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிற இடத்துக்கே போய்விட்டார். விரல் நுழைகிற ஓட்டை. மெக்கானிக் வந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இனிமே இது கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆகும்" என்றார். திட்டினால் திருப்பித் திட்டுகிற உன் மாமா அந்த ஹெட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உன்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பழைய இன்ஜினோட ஹெட்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது நல்லாத்தான் இருக்கு" என்றார் மெக்கானிக்.

"இதுல உக்காருமா?"

"உக்காரும்."

"அப்ப ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே அண்ணி."

இப்படிப்பட்ட அறிவாளிகளோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். பழைய ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் உன் மாமா கிரைண்டரை எடுத்துவிட்டார். "லேசா, ஓரத்துல மட்டும்" என்றார். கிரைண்டரைப் பிடுங்கி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இந்த இரும்பு கண்ணில் படுகிறவரை அவர் கை சும்மா இருக்காது. ஆகையால் நீ உடனே புறப்பட்டு வந்து இந்த இரும்பு முழுவதையும் எங்கிருந்து அள்ளினாயோ அங்கேயே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியது. மாமா கட்டிய இன்ஜினாகவே வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் இந்த வாசற்படியை நீ மிதிக்க வேண்டாம்.

உன் மனைவியும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். உனக்கு என்ன ஆசி சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இதை எழுதி ஒரு வாரம் ஆகிறது. கடித உறை எடுக்க பீரோவைத் திறந்தபோது கிரைண்டர் கையில் பட்டது. அந்த மனிதர் அப்படி எதில்தான் மயங்கினார் பார்ப்போம் என்று மேசைமேல் இருந்த பழைய ஹெட்டில் ஒரு துவாரத்தின் ஓரத்தை மட்டும் லேசாகத் தேய்த்தேன். விரலை விட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. அடுத்ததை அப்படியே விட மனம் வரவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தது. உன் மாமா டார்ச் பிடித்துக்கொண்டு, "போதும்டி, தண்ணிக்குப் போயிடும்" என்றார். "பேசாம வெளிச்சத்தக் காட்டுங்க" என்றேன். நேற்று இன்ஜினை வண்டியில் ஏற்றி ஓட்டினார்கள். மெக்கானிக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "யாருண்ணே குடைஞ்சது?" என்றார். "வீட்டுல" என்றார் உன் மாமா. வீட்டில் வைத்துக் குடைந்தது என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. நீ எதையும் அள்ள வேண்டாம், சும்மா வா. வரும்போது கிரைண்டர் முனையில் மாட்டுகிற பிட், கழுத்து நீண்டதாக நாலைந்து வாங்கி வா. இங்கே இருப்பதெல்லாம் கட்டை, உள்வளைவுக்கு எட்டவில்லை.