பல்பை மட்டும் மாத்தினாச் சரி

மருதமுனையிலிருந்து ஒலுவில் வரைக்கும், கடலோரத்திலும் வயலோரத்திலும், பள்ளிவாசலுக்கு முன்னாலும் பஸாருக்குப் பின்னாலும் பரவலாகக் காணப்படுகிற ஓர் இனம் உண்டு. டோர்ச் பழுதானால் புதிது வாங்காத இனம். மற்ற நேரங்களில் இவர்களை அடையாளம் காண முடியாது. உங்களையும் என்னையும் போலத்தான் தேங்காய் வாங்குவார்கள், கல்யாண வீட்டில் புரியாணிக்குக் குறை சொல்வார்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் தேடுவார்கள். டோர்ச் அணைகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் சுயரூபம் தெரியும்.

முதலில் உள்ளங்கையில் மூன்று தட்டு. எரியாவிட்டால் மூடியைக் கழற்றி, பெட்டரியை வெளியே எடுத்து, சாரனில் துடைத்து, தலைகீழாகப் போட்டுப் பார்த்து, பிறகு சரியாகவே போட்டு, டொபி இனிப்புச் சுற்றிவந்த கடதாசியை நாலாக மடித்து ஸ்பிரிங்குக்கு அடியில் செருகி, அதற்கும் மசியாவிட்டால் பெட்டரிகளைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் காயப்போட்டு, காகம் தூக்கிவிடாமல் கதிரை போட்டுக் காவலும் இருப்பார். கடைக்குப் போவாரா? மாட்டார். கேட்டால் ஒரே பதில்தான். இப்ப வாறதெல்லாம் பிளாஸ்டிக், இதுட உடம்பு இரும்பு, பல்பை மட்டும் மாத்தினாச் சரி.

இந்த இனத்தில் பூரண லட்சணங்கள் பொருந்திய ஒருவர் சாய்ந்தமருதில் இருக்கிறார். பெயர் றவூப். நூல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். முப்பது வருடங்களுக்கு முன்பு மாப்பிள்ளையாக ஹாஜறாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கையில் இருந்தவை ஒரு சூட்கேசும், கல்முனை பஸாரில் வாங்கிய, மூன்று பெட்டரி போடுகிற ஒரு டோர்ச்சும். சூட்கேஸ் எப்போதோ கறையானுக்குப் போய்விட்டது. டோர்ச் இருக்கிறது. அதாவது, கண்ணாடி மாற்றப்பட்டு, மூடி மாற்றப்பட்டு, நடுவில் நெளிந்த இடத்துக்குத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகப்பட்டு, சுவிச்சும் பின்னால் தொங்கும் வளையமும் மட்டும் பழையதாக, அதே டோர்ச் இருக்கிறது.

இனி, இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு பெண்பிள்ளைக்கு. மகள் றிஸ்னாவுக்குக் கல்யாணம் ஆனதும் முன்வீடு அவள் கைக்குப் போக, றவூபும் ஹாஜறாவும் பின்னாலுள்ள இரண்டு அறைகளுக்கு மாறினார்கள். மனம் ஒப்பித்தான் கொடுத்தார். ஆனால் வீட்டைக் கொடுத்தவருக்கு அதிகாரமும் சேர்ந்து போகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திரைச்சீலை என்ன நிறம், பிரிட்ஜ் எந்த மூலையில், கேட்டுக்கு என்ன பெயின்ட், எதற்கும் அவரைக் கேட்பாரில்லை. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கரண்ட் போனால் முன்வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "வாப்பா, டோர்ச்சக் கொண்டு வாங்க." அந்த ஒரு கூப்பாட்டுக்காகவே அந்த மனிதர் இருட்டை விரும்பினார். கரண்ட் போனதும் ஊரெல்லாம் சலித்துக்கொள்ள, பின்னறையில் ஒருவர் மட்டும் மலர்ந்த முகத்தோடு செருப்பைத் தேடுவார்.

அந்த வீட்டுக்குள்தான் மருமகன் பர்ஸான் புது எல்.ஈ.டி. டோர்ச்சோடு வந்தார். மருந்துக் கடையில் வேலை. நல்ல பிள்ளை. ஆனால் அவரும் ஓர் இனம். புதிய மொடல் வந்ததும் பழையதைத் தூக்கி மேசை லாச்சிக்குள் போடுகிற இனம். அவருடைய லாச்சியில் ஏற்கெனவே நாலு டோர்ச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மௌத்தாகிக் கிடந்தன. இது ஐந்தாவது. உள்ளங்கை நீளம், கன்னங்கறுப்பு, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும், மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, ஐந்து விதமாக எரியும். முழு வெளிச்சம், அரை வெளிச்சம், மங்கல், மினுக்கல், கடைசியாக நடுக்காட்டில் அகப்பட்டவன் உதவி கேட்டு அழைக்கும் துடிப்பு மினுக்கல். சாய்ந்தமருதில் சமைக்கிற குசினிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர் எத்தனை பேர் என்று மாமனார் கேட்க நினைத்தார். மரியாதைக்குக் கேட்கவில்லை.

அடுத்த முறை கரண்ட் போனது. றவூப் செருப்பைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு, கதவடியில் தயாராக நின்றார். முன்வீட்டிலிருந்து றிஸ்னாவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்க, டோர்ச்ச அடிங்க."

அவருக்கு இல்லை. புருஷனுக்கு. றவூப் அந்த இருட்டில் அப்படியே நின்றார். வீட்டைக் கொடுத்தபோது வராத கவலை அப்போது வந்தது.

வேறு யாராவதாக இருந்தால் கவலைப்பட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். இந்த இனம் படுக்காது, கழற்றும். மறுநாளே பழைய பல்பு போய் எல்.ஈ.டி. பல்பு வந்தது. பெரிய பெட்டரிகள் போய், செத்த லெப்டொப் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பெட்டரிகள் வந்தன. அவை டோர்ச்சுக்குள் கடகடவென்று ஆடியதால் பழைய கலண்டர் மட்டையைச் சுருட்டி உடுப்புப் போட்டுவிட்டார். மருமகனுடையது ஐந்து விதமாக எரியும்போது மாமனாருடையது ஒரே விதமாக எரியலாமா? பஸாரில் அரை நாள் அலைந்து, ஐந்து விதமாக எரிய வைக்கும் குட்டி சர்க்கிட் ஒன்றை வாங்கி வந்து ஈயம் வைத்து ஒட்டினார். வெளிச்சம் எதிர்வீட்டுக் கூரையில் போய் அடித்தது. ஹாஜறா கண்ணைப் பொத்திக்கொண்டு, கெட்டித்தனம்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

ஒரேயொரு சிக்கல். சுவிச் முப்பது வருடத்துச் சுவிச். கொஞ்சம் அதிர்ந்தால் தொடும், விடும், மறுபடி தொடும். அணைத்து வைத்தாலும் அப்படித்தான். சர்க்கிட்டோ ஒவ்வொரு தொடுகையையும் யாரோ அழுத்துவதாக நம்பி அடுத்த விதத்துக்குத் தாவிவிடும். ஆகையால் றவூப் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தால் முதலாவது எட்டில் முழு வெளிச்சம், இரண்டாவதில் அரை, மூன்றாவதில் மங்கல், பிறகு மினுக்கல், பிறகு துடிப்பு மினுக்கல். ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் நுழைந்துவிட்டது என்று நினைத்து அயல்வீட்டு ஆசியா உம்மா இரண்டு நாள் முக்காட்டோடு வாசற் படலைக்கு ஓடி வந்து, யாருக்கு என்ன சுகமில்லை என்று விசாரித்தார். மூன்றாம் நாள் வரவில்லை. பழகிவிட்டது.

இதெல்லாம் றமழான் கடைசியில் நடந்தது. பெருநாளுக்கு மாமி வீட்டார் வருவதாக இருந்ததால், றிஸ்னா வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, பின்னறை வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள். பெருநாள் முடிந்து பழைய இரும்புக்காரன் வரும்போது அந்த டோர்ச்சைக் கொடுத்துவிட வேண்டும், வாறவர்களுக்கு முன்னால் அது டிஸ்கோ காட்டினால் தனக்குத்தான் வெட்கம். றவூப் டோர்ச்சைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் ஹாஜறாவின் தம்பி மசூர் தோணியில் புறப்பட்டார். பெருநாள் மீனுக்குக் கிராக்கி. ஆனால் அன்றிரவு பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் விடியும்வரை வலையோடு கிடக்கலாம். அவருடைய போனைப் போன மாதம்தான் கடல் வாங்கிக்கொண்டது; புதிதை வீட்டில் தர மறுத்துவிட்டார்கள். அதனால் மசூர் ஓர் ஏற்பாடு சொன்னார்: பிறை கண்டால் கரையிலிருந்து மூன்று தரம் டோர்ச் அடிக்க வேண்டும், உடனே வந்துவிடுவார். தப்பினால் பெருநாள் தொழுகையே போய்விடும். விஷயம் பெரியது. அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

"இவருட புது டோர்ச்சே இரிக்கி, மாமா. அதால அடிப்பாரு," என்றாள் றிஸ்னா, வாப்பாவைப் பார்க்காமலே.

நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, ஊரே கடற்கரையில் கூடியது. கிழக்குக் கரையில் பிறை பார்க்கும் அழகை நீங்கள் கண்டிருக்க வேண்டும்: பிறை மேற்கே அல்லவா வரும்? ஆகையால் கடற்கரைக்கு வந்த அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தென்னை ஓலைகளுக்கும் மாடிவீட்டுத் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் மேலே வானத்தைத் துழாவிக்கொண்டு நின்றார்கள். பர்ஸான் முன்வரிசையில், கறுத்த டோர்ச்சோடு. கோபத்திலிருந்த றவூப் எல்லோருக்கும் பின்னால், அலை காலை நனைக்கும் இடத்தில், பெரிய மனிதர் தோரணையில் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கைக்குள் அவருடைய டோர்ச். டோர்ச்சின் முகம் கடலை நோக்கி.

யாரோ "அந்தா" என்றார்கள். ஊரே நுனிக்காலில் எழும்பியது. றவூபும் எழும்பினார், சுவிச் தொட்டது. பிறையல்ல, மேகத்தின் ஓரம். எல்லோரும் குதிக்காலை இறக்கினார்கள், சுவிச் விட்டது. மறுபடி "அந்தா". மறுபடி எழும்பல். மூன்றாவது "அந்தா"வுக்கு ஒரு வாலிபர் துள்ளியே விட்டார். அவரோடு சேர்ந்து றவூபும் துள்ளினார். அதற்குப் பிறகு டோர்ச் யாரையும் எதிர்பார்க்கவில்லை. துடிப்பு மினுக்கலில் போய் நின்றுகொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் வங்காள விரிகுடா முழுவதற்கும் தகவல் சொல்லத் தொடங்கியது. பார்க்க ஒருவரும் இல்லை, எல்லோரும் மேற்கே அல்லவா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேகம் விலகவில்லை. பிறை தெரியவில்லை. கூட்டம் கலையப் போன நேரத்தில் இஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஏழு தோணிகள், ஓட்டப் பந்தயம் வைத்ததுபோல் கரையேறின. மசூர் தண்ணீருக்குள் குதித்து ஓடி வந்து மச்சானைக் கட்டிப்பிடித்து, பெருநாள் வாழ்த்துச் சொன்னார். கூட்டம் திகைத்தது. எங்கே பிறை, யார் கண்டது?

"நீங்கதானே மச்சான் அடிச்ச. மூணு தரம் அடிக்கச் சொன்னா முப்பது தரம் அடிக்கீங்க. வலையப் பாதியில வெட்டிப்போட்டு வாறம்."

எல்லோரும் றவூபைப் பார்த்தார்கள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். அது இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

ஏழு தோணிக்காரர்கள் ஒரே நேரத்தில் கதைத்தால் என்னவாகும் என்று எழுத வேண்டியதில்லை. றவூபுக்கு மணலுக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. டோர்ச்சின் மூடியைத் திருகிக் கழற்றி, பெட்டரிகளை உதறி எடுத்து, எல்லாவற்றையும் மருமகனிடம் நீட்டினார்.

"றிஸ்னாட்டக் குடுங்க மகன். இரும்புக்காரனுக்கே குடுக்கட்டும்."

பர்ஸான் டோர்ச்சை அக்குளில் இடுக்கி, பெட்டரிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. வேறோர் ஊரில் பிறை கண்டது உறுதியாகிவிட்டது, நாளை பெருநாள். அப்புறம் மசூர் சிரிக்கத் தொடங்கினார். ஏழு தோணிக்காரர்களும் சிரித்தார்கள். இந்நேரம் கடலில் இருக்க வேண்டியவர்கள் அல்லவா, குளித்து வெள்ளை உடுத்து விடியத் தொழப் போகிறார்கள். இன்னும் யாராவது வெளியே இருக்கிறார்களா என்று பார்க்க, பர்ஸான் கறுத்த டோர்ச்சைக் கடலை நோக்கிப் பிடித்து அழுத்தினார்.

எரியவில்லை. மீண்டும் அழுத்தினார். இல்லை. காலையிலிருந்து சார்ஜில்தான் கிடந்தது. வயர் செருகும் துளை லூசாகி, சொட்டுச் சார்ஜ் ஏறியிருக்கவில்லை. கழற்றிப் பார்க்கலாமென்றால் மூடியே இல்லாமல் ஒட்டிய டோர்ச். பர்ஸான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன்னையறியாமல், அதை உள்ளங்கையில் மூன்று தரம் தட்டினார்.

றவூப் அதைக் கவனித்தார். தன்னுடைய டோர்ச்சையும் பெட்டரிகளையும் திரும்ப வாங்கி, உள்ளே போட்டு மூடியைத் திருகினார்.

இருவரும் ஒழுங்கைக்குள் திரும்பும்போது கரண்ட் போனது. பெருநாள் இரவு, அடுப்பில் தொதல் இனிப்பு, ஊர் முழுக்க இருட்டு. படலையடியில் றிஸ்னா நின்றாள். பள்ளியில் அறிவித்ததற்கு முன்பே மாமாவுடைய தோணி கரைக்கு வந்த கதை அவளிடம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. இருட்டுக்குள் குரல் கொடுத்தாள்.

"வாப்பா, டோர்ச்சக் கொண்டு வாங்க. தொதல் அடிப்பிடிக்கப் போகுது."

"ஓம் மகள், இந்தா வாறன்," என்றார் றவூப். அன்றைக்கு அவர் நடக்கவில்லை, ஓடினார். முழு, அரை, மங்கல், மினுக்கல், துடிப்பு மினுக்கல் என்று டோர்ச் ஒழுங்கை முழுவதும் பெருநாள் கொண்டாடிக்கொண்டு போனது.

மறுநாள் வந்த மாமி வீட்டார் முதலில் கேட்டது வட்டிலப்பத்தை அல்ல. பிறை காட்டின டோர்ச்சை. றிஸ்னாவே எடுத்து வந்து காட்டினாள். இரண்டாம் நாள் பர்ஸான் தன் கறுத்த டோர்ச்சைக் குசினிக் கத்தியால் நெம்பிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். லாச்சியில் கிடந்த மற்ற நாலும் மடியில் இருந்தன. வீசத் தேவையில்லை மாமா, பெட்டரியை மட்டும் மாற்றினால் சரி என்றார். றவூப் எழுந்து அவருக்கு ஒரு கதிரை போட்டார்.

சிரித்துக்கொண்டே வாசித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயாவது, அந்தச் சுவிச்சை மாற்றாமல் ஏன் இந்த மனிதர் சர்க்கிட்டோடு மாரடிக்கிறார், விதம் மாறாத சர்க்கிட் கிடைக்குமே, இல்லாவிட்டால் அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டாலே போதுமே என்று உங்கள் மனசு முணுமுணுத்ததா? அப்படியானால் கொஞ்சம் கவனமாக இருங்கள். உங்கள் வீட்டு லாச்சியிலும் எரியாத ஒன்று கிடக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்க்காதீர்கள்.