கயிற்றில் ஒரு கிளிப்

"மறுபடியும் இறங்கிடுச்சு!"

செயலாளரின் குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர் ஆனதிலிருந்து காலையில் அவளுக்கு இதுதான் முதல் வேலை. கல் கட்டிய துணிக்கொடிக் கயிற்றை அடிவரை இறக்குவாள். மேலே இழுத்து, ஈரம் முடியும் இடத்தில் ஒரு துணி கிளிப்பை மாட்டுவாள். இன்று ஈரம், நேற்றைய கிளிப்புக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

"கயிறு நீண்டிருக்கும்" என்றார் மாடியிலிருந்து கணவர்.

"உங்க நாக்குதான் நீளம். சும்மா இருங்க."

பக்கத்தில் கார் மாமா வந்து நின்றார். கீழ்வீட்டுக்காரர், புதுக் காரை வெயிலில் விட மனம் வராதவர்.

"தரை தெரிஞ்சா கிணத்தை மூடிடணும்னு கூட்டத்துல முடிவு பண்ணியாச்சும்மா. ஞாபகம் இருக்கட்டும்."

கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்பில் கார் அளவுக்குக் கட்டமே போட்டு வைத்திருந்தார்.

விடுவாளா? கிணற்று மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வரவழைத்தாள். எடுக்காத தண்ணீர் எங்கே போய்விடும்? அவள் படித்த அறிவியல் அப்படித்தான் சொன்னது.

"என்னா டிராஃபிக்குக்கா!" என்று வியர்வையைத் துடைத்தபடி இறங்கினார் லாரி ஓட்டுநர்.

பாவம், எந்த ஊரிலிருந்து வருகிறாரோ! அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் ஈரம் இன்னும் இரண்டு சாண் குறைந்திருந்தது.

வெயிலில் ஆவியாகிறது என்று முடிவு கட்டி, கிணற்றைத் தார்ப்பாயால் மூடினாள். பூனைக்குப் படுக்கை கிடைத்தது. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

"எடுக்கவும் இல்ல, ஆவியாகவும் இல்ல. பின்ன எப்படிங்க?"

"பூனை குடிச்சிருக்கும்."

அவள் கிணற்றுக்குள் காது வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. உயரமான பின்சுவருக்கு அப்பால் ஏதோ பட்டறை இயந்திரம் உர்ரென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் துணிந்துவிட்டாள். கூடுதலாக இரண்டு லாரி வரவழைத்து, ஒன்றை வீட்டுத் தொட்டியில் நிரப்பி, மற்றதை அப்படியே கிணற்றில் கொட்டச் சொன்னாள்.

"கிணத்துக்கே தண்ணி வாங்கி ஊத்துறியா?" கணவருக்கு வாய் மூடவில்லை.

"ஊத்தினா ஏறித்தானே ஆகணும்!"

மறுநாள் காலை கல், 'ணங்' என்று தரையில் மோதியது. கயிறு போனது போலவே உலர்ந்து மேலே வந்தது. கிளிப்பை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் மாமா உற்சாகமாக அளவு நாடாவை விரித்தார்.

அந்த நேரம் பார்த்து லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது.

"அண்ணே, கிணறு போச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இனிமே தினமும் உங்க தண்ணிதான். எவ்வளவு தூரத்துலேர்ந்து கொண்டு வர்றீங்களோ, உங்களுக்குத்தான் அலைச்சல்."

ஓட்டுநர் சிரித்தார்.

"தூரமா? இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உர்ருங்குதே, அது எங்க போர்வெல் மோட்டார்தான்க்கா. தெரு ஒருவழி, அதான் ஊரைச் சுத்தி வர்றேன்!"