மனம் குளிர நடந்த தடுப்பூசி விழா

மனித குலத்தை இதுவரை காப்பாற்றி வந்திருப்பவை இரண்டு. ஒன்று தடுப்பூசி. மற்றொன்று, தடுப்பூசிக்காக நடத்தப்படும் விழா. இவற்றில் எது பெரிது என்று மருத்துவ உலகம் வேண்டுமானால் குழம்பலாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கில்ராவன் வட்டார சுகாதார இயக்குநர் ஃபின்டன் மல்க்வினுக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் இருந்ததில்லை.

கில்ராவனில் மருந்துக்கடை வைத்திருந்தவர் டிம்ப்னா கெரட்டி. அந்த ஊரில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு கிடைப்பதற்குள், வந்த நோய் அலுத்துப்போய்த் தானே கிளம்பிவிடும். ஆகவே குளிர்காலக் காய்ச்சலுக்கான ஊசியை டிம்ப்னாவே கடையின் பின்னறையில் போட்டுவந்தார். இருமல் மருந்து வாங்க வருகிறவரிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாகச் சட்டைக் கையைச் சுருட்ட வைத்துவிடுவார். இப்படி மேடை, மாலை, மைக் எதுவுமில்லாமல் ஒரு ஊரே நோயிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தது. இதை மல்க்வின் ஒரு ‘நிர்வாகக் குறைபாடு’ என்றே கருதினார்.

டிம்ப்னாவிடம் மசியாதவர் ஒருவர்தான்: மலைச்சரிவில் ஆடு வளர்க்கும் பார்ட்லி. வயதானவர், குளிர் வந்தால் நெஞ்சுச் சளியும் கூடவே வந்து குடியேறிவிடும். முரட்டுக் கடாவைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஊசி போடுகிற அந்த மனிதருக்குத் தன் கையில் ஒன்று என்றால் உதறல். வருடக்கணக்கில் டிம்ப்னா கெஞ்சியும் மிரட்டியும் பார்த்த பிறகு, ஒரு வழியாக இறங்கி வந்தார்.

“வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னைக்கு விட்டுட்டா அப்புறம் என்னைக் கேக்காதே.”

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் மல்க்வின் விழாவுக்குத் தேர்ந்தெடுத்தார். தேவாலயக் கூடத்தில் மேடை, தொலைக்காட்சிக்காரர்கள், பெரிய பெரிய விளக்குகள். ‘ஒரு துளியும் வீணாக்காத மருந்தகம்’ என்று டிம்ப்னாவுக்குக் கண்ணாடிக் கேடயம். பின்னணியில் தடுப்பூசிப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்க வேண்டும் என்றார் இயக்குநர். குளிர்பெட்டியை விட்டு எடுத்தால் மருந்து கெட்டுவிடும், வேண்டுமானால் காலி அட்டைப்பெட்டிகள் தருகிறேன் என்றார் டிம்ப்னா.

மல்க்வினின் முகம் சுருங்கிவிட்டது. “காலிப் பெட்டியா? அது மக்களை ஏமாத்தற வேலைங்க. என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு நடந்ததே கிடையாது.”

அப்படியானால் பெட்டியே கிடையாது என்று டிம்ப்னா முடித்துவிட்டார். ஆனால் நேர்மை அவ்வளவு எளிதில் தோற்குமா? விழா நாள் காலையில் டிம்ப்னா பின்னறையில் ஒரு பெண்மணியின் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, இயக்குநரின் ஆட்கள் வந்து கடையின் முன்பக்கம் இருந்த குளிர்பெட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனார்கள்.

நண்பகலில் விழாவுக்குப் போன டிம்ப்னா, மேடையில் எழுந்து நின்ற கோபுரத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். விளக்குகள் அதன்மேல் காலையிலிருந்தே தகித்துக்கொண்டிருந்தன. மல்க்வின் வழிந்த வியர்வையைத் துடைத்தபடி, தொழிற்சாலையிலிருந்து கை வரைக்கும் அறுபடாத ‘குளிர்ச் சங்கிலி’யின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார். சபையோர் மனம் குளிர்ந்தது. அந்தக் கூடத்தில் குளிராமல் இருந்தது மருந்து ஒன்றுதான்.

பெயர் சொல்லி அழைத்ததும் டிம்ப்னா மேடையேறி ஒரு பெட்டியைத் தொட்டார். அப்போதுதான் சுட்ட ரொட்டி போலிருந்தது. கேடயத்தை வாங்காமல் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கை தட்டியது.

கடைக்குத் திரும்பியதும், மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொன்னார்கள். அடுத்த சரக்கு வரச் சில வாரம் ஆகுமாம். அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பார்ட்லி பின்னறையில் நல்ல கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருக்கிறார்.

டிம்ப்னா விஷயத்தைச் சொன்னார்.

“கெட்டதாவே இருக்கட்டும், போட்டுடேன். செத்தா போயிடுவேன்?”

“சாக மாட்டீங்க, பார்ட்லி. ஆனா ஊசி போட்டாச்சுங்கற தைரியத்துல ஊர் பூரா சுத்துவீங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்.”

பார்ட்லி சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் டிம்ப்னாவை அறுத்தது.

புதுச் சரக்கு வந்து சேர்வதற்குள் பார்ட்லி மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துவிட்டார். பார்க்கப் போன டிம்ப்னாவிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “ஊசின்னாலே எனக்கு ஆகாதுன்னு சொன்னேன்ல? பாரு, போடாத ஊசியே எப்படிப் படுக்க வெச்சிருக்குன்னு.”

சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் ஓடிவர வேண்டியதாயிற்று. டிம்ப்னா வெளியே வந்து காரில் வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

மருந்து வீணானது குறித்து விசாரணை நடந்தது. பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காக மல்க்வினே தலைமை தாங்கினார். பெட்டிகள் ‘வெப்பச் சூழலுக்கு இடம்பெயர்ந்தன’ என்று கண்டறியப்பட்டது. எப்படி இடம்பெயர்ந்தன என்பது விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை. மருந்துக்கடைக்காரர்களுக்குக் குளிர்பெட்டி பற்றிய அறிவு போதாது என்று முடிவாகி, வட்டாரம் முழுவதிலிருந்தும் அவர்களை வரவழைத்து ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். பயிற்றுநர், மல்க்வின். கதவைத் திறப்பது எப்படி, மூடுவது எப்படி என்று மதியச் சூப்பு வரும்வரை விளக்கிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

டிம்ப்னா எழுந்தார். “குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கலாமா?”

“தாராளமா. அருமையான யோசனை.” மல்க்வின் பரிவோடு குனிந்தார். “ஏன், கடையில திருட்டுப் பயமா?”

“இல்லைங்க. திருடன் வந்தா கல்லாவைத்தான் தொறப்பான். பூட்டு உங்களுக்கு.”