ஐந்து ஞாயிறாக வராத சந்தேகம்

அன்பு மகளுக்கு,

உன் தந்தை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இக்கூற்று இடது முழங்கால் நீங்கலாக உண்மை. அங்கு நீயும் நலமே என்று நம்பப் போதிய முகாந்திரம் இருப்பதால் நம்புகிறேன்.

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு உன் சட்டப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டு எனக்குப் போன் செய்யும் பொறுப்பிலிருந்து உன்னை இதன்மூலம் முழுமையாக விடுவிக்கிறேன். இது கோபத்தில் எழுதப்பட்டதன்று. மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறேன்; கோபம் இரண்டாம் படியிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

சங்கதிகள் வருமாறு. கடந்த ஐந்து ஞாயிறுகளாக நீ போன் செய்கிறாய், மறுக்கவில்லை. ஆனால் “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது, இரண்டுக்கும் ஆம் என்றால் சாட்சி இறங்கிப் போகலாம். சந்தேகம் ஏதும் இல்லையா என்று நானே கேட்டபோது, “ஏஐகிட்ட கேட்டுக்கிட்டேன்ப்பா, உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்” என்றாய். நியாயமான பதில். அதை ஏற்றுக்கொண்டு, பத்து மணிக்காகத் துடைத்து வைத்த மூக்குக்கண்ணாடியை மறுபடி கூட்டில் வைத்தேன். நிற்க, நான் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கும் சட்டக் கல்லூரியில் முன்வரிசை மாணவன் ஒருவன் கட்டுரை கொடுத்தான். அதில் ஒரு தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதன்படி, வாடகைதாரருக்காக வழக்காடி வென்ற வக்கீல் நான். அப்படியொரு வழக்கு எனக்கு நினைவில் இல்லை. ஆனால் வாதம் அச்சு அசலாக என் பாணி, அதுவும் நான் நல்ல நாளில் பேசினால் வரக்கூடிய பாணி. மறதியாக இருக்கலாம் என்ற ஐயத்தின் பலனை எனக்கே வழங்கி, பரணில் ஏறி மூன்று நாள் பழைய வழக்குக் கட்டுகளில் தேடினேன். மூன்றாம் நாள் ஸ்டூலின் கால் ஒன்று விலகிக்கொண்டது. சத்தம் கேட்டு மேல்வீட்டு டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து, “என்ன சார் தேடுறீங்க?” என்றார். “நான் ஜெயிச்ச கேஸ்” என்றேன். அவர் பரணையும் என்னையும் பார்த்துவிட்டு, “அது கீழ இருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார். முழங்காலுக்கான விளக்கம் இதுவே.

மறுநாள் மாணவனை அழைத்தேன்.

“இந்தத் தீர்ப்ப எங்கப்பா எடுத்த?”

“ஏஐ குடுத்துச்சு சார். நீங்க ஜெயிச்ச கேஸ் ஒண்ணு வேணும்னு கேட்டேன். மார்க் வரும்னு.”

“இது நான் நடத்தின கேஸே இல்லையே. மூணு நாள் தேடிப் பாத்துட்டேன்.”

“அது எனக்கு எப்படி சார் தெரியும்? உங்களுக்கே மூணு நாள் ஆகியிருக்கு.”

வாதம் ஏற்கப்பட்டது. பூஜ்யம் போட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பித் தரவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிறகு, எதிர்த்தரப்பையும் கேட்காமல் முடிவெடுப்பது முறையன்று என்பதால், நீ விட்டுப்போன பழைய டேப்லெட்டைத் திறந்து அந்த இயந்திரத்திடமே கேட்டேன். ஒவ்வொரு முறையும் “அன்புடையீர்” என்றே தொடங்கினேன். அப்படியொரு வழக்கு உண்டா என்றேன். உண்டு, மிகச் சிறந்த வாதம் என்றது. இல்லை என்று நினைக்கிறேன் என்றேன். மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி என்றது. முப்பத்திரண்டு ஆண்டு வழக்காடியும் எந்த எதிர்த்தரப்பும் என்னிடம் இத்தனை விரைவில் ஒப்புக்கொண்டதில்லை. வென்ற மகிழ்ச்சி மட்டும் ஏனோ வரவில்லை. இதுவரை முப்பத்தேழு கேள்விகள் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறு சட்டம் தொடர்பானவை. மீதி ஒன்று இங்கு தேவையற்றது. முப்பத்தேழும் அருமையான கேள்விகள் என்று அது பதிவு செய்திருக்கிறது. பதிலுக்கு அது என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. பிறகு பால்கனிக்கு இரண்டு பூந்தொட்டிகள் வாங்கினேன். காரணம் இங்கு தேவையற்றது.

ஒன்றை மட்டும் பதிவில் வைக்க விரும்புகிறேன். சந்தேகத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று உனக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன்: முதலில் சங்கதி, பிறகு சட்டம், கடைசியில்தான் கேள்வி. “நேரா கேட்டுடறேனேப்பா” என்று நீ சலித்துக்கொள்வாய். “கூடாது. முதல்ல சங்கதி” என்பேன். நீ சங்கதி சொல்லி, சட்டம் சொல்லி, கேள்விக்கு வருமுன் சற்று நிறுத்தி, “சரிப்பா, புரிஞ்சிடுச்சு, வச்சிடறேன்” என்பாய். வைக்க மாட்டாய். விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டை, அறுந்த செருப்பு, அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அரை மணி நேரம் போகும். கணக்குப் பார்த்தால் நாலு வருடத்தில் உன் சந்தேகங்களில் பத்துக்குக்கூட நான் பதில் சொன்னதில்லை. இந்த முனையில் பேசாமல் இருந்தேன், அவ்வளவே. இயந்திரத்துக்கு எல்லாம் வரும், பேசாமல் இருக்க மட்டும் வராது. பாதிக் கேள்விக்கே முழுப் பதிலைக் கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதியில்தான் நீ எப்போதும் விடையைக் கண்டுபிடிப்பாய்.

எனினும் இது உன் படிப்பு, உன் விருப்பம். எனக்கு ஞாயிறுகளில் வேலைகள் நிறைய உள்ளன. எனவே சந்தேகம் எதுவும் கேட்க வேண்டாம் என்று திட்டவட்டமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வில் வெற்றியும், நீண்ட ஆயுளும், பிய்யாத செருப்பும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு, புதன்கிழமையான இன்று நீ போன் செய்தாய். ஒரு சந்தேகம் என்றாய். முதல்ல சங்கதி என்றேன்.

“சங்கதி சொல்றேன். என் பழைய டேப்லெட்ல என் கணக்கு இன்னும் திறந்தே இருக்கு. அதுல ஒருத்தர் அன்புடையீர்னு ஆரம்பிச்சு முப்பத்தேழு கேள்வி கேட்டிருக்காரு. எல்லாம் எனக்கு இங்க தெரியுது. கடைசிக் கேள்வி, ‘மகள் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டால் தந்தை செய்யத்தக்கது யாது?’ அதுக்கு அது தோட்டம் போடச் சொல்லியிருக்கு.”

“சட்டம்?” என்றேன்.

“சட்டம் ஒண்ணும் இல்லப்பா.”

“கேள்வி?”

நீ சற்று நிறுத்தினாய். நானும் பேசாமல் இருந்தேன். “சரிப்பா, புரிஞ்சிடுச்சு, வச்சிடறேன்” என்றாய். வைக்கவில்லை.

ஆகவே இக்கடிதம் முழுவதும் திரும்பப் பெறப்படுகிறது. பின்குறிப்புக்காக உறையைப் பிரித்துவிட்டபடியால் பசை சரியாக ஒட்டவில்லை; பொறுத்துக்கொள். மேற்கண்டவற்றுள் ஆசிகள் மட்டுமே செல்லும். ஞாயிறு பத்து மணி.